சொந்தச் செயற்கைக்கோள் இல்லாமல் மேல்வளிமண்டல அடர்த்தியைக் கணக்கிடுவது எப்படி?

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கோ ஆய்வுப் படிப்புக்கோ "கியூப்சாட் வழியாக மேல்வளிமண்டல அடர்த்தி" (கியூப்சாட் என்பது கனசதுர அலகுகளால் ஆன சின்னச் செயற்கைக்கோள்) என்று தலைப்பை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்து எதைத் தொடுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் இதற்கான ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம். ஆனால் எந்தக் கோப்பை எங்கே எடுப்பது, எந்த எண்ணைத் தொடக்கூடாது, எது எத்தனை நாள் இழுக்கும் என்று வரிசையாகச் சொல்பவர் எனக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் முட்டி மோதித்தான் கற்றுக்கொண்டேன்.

அடிப்படை ஒன்றுதான். 400 கி.மீ. உயரத்தில் ஒரு கன கிலோமீட்டர் இடத்தில் இருக்கும் மொத்தக் காற்றின் நிறை சராசரியாக 3 கிராமுக்கும் குறைவு. அந்த உயரத்தில் செயற்கைக்கோள் நொடிக்கு சுமார் 7.7 கி.மீ. வேகத்தில் போவதால், அவ்வளவு மெல்லிய காற்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குகிறது. எவ்வளவு இறங்கியது என்று தெரிந்தால், எவ்வளவு காற்று இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். உந்துகருவி இல்லாத சின்னக் கோள்கள் இதற்கு மிகவும் தோதானவை. அவை எல்லாவற்றின் இறக்கமும் ஏற்கனவே பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. எனவே கோள் கட்டும் யோசனையைக் கடைசிப் படிக்குத் தள்ளி வையுங்கள்.

முதல் 7 படிகளுக்கும் பணச் செலவு கிடையாது. பைத்தான் ஓடும் சாதாரண மடிக்கணினி போதும். ஒரு கோளின் முழு வரலாறும் ஒரு மெகாபைட்டைத் தாண்டாது. பைத்தான் ஓரளவு தெரிந்தவருக்கு மாலை நேரங்களில் மட்டும் செய்தாலும் ஒரு மாதத்தில் நம்பத்தக்க வரைபடம் கிடைக்கும். அந்த மாதத்தில் பாதியை 3ஆவது படியும் 4ஆவது படியும் தின்றுவிடும் என்று இப்போதே வைத்துக்கொள்ளுங்கள்.

1. எந்தக் கோள்?

கோள உருவம் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. எப்படி உருண்டாலும் எதிர்காற்றுக்குக் காட்டும் பரப்பு மாறாது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் 2009இல் விண்ணோடத்திலிருந்து விட்ட காஸ்டர், பொல்லக்ஸ் இரண்டும் இதற்காகவே செய்யப்பட்டவை. இரண்டும் ஒரே அளவு, நிறை மட்டும் வேறு. எடை குறைந்த பொல்லக்ஸ் முதலில் விழுந்தது. கணக்கைப் பழகிப் பார்க்க இந்த ஜோடி நல்ல தொடக்கம்.

அடுத்த தேர்வு, சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்படும் கியூப்சாட்கள். சுமார் 400 கி.மீ.யில் தொடங்குவதால் காற்றின் தடம் தெளிவாகத் தெரியும்; தொடக்கம் முதல் எரிந்து விழுவது வரை முழுக் கதையும் கிடைக்கும். என் பரிந்துரை பேர்ட்ஸ்-3 வரிசை. இலங்கையின் முதல் செயற்கைக்கோளான ராவணா-1, நேபாளத்தின் நேபாளிசாட்-1, ஜப்பானின் உகுயிசு ஆகிய மூன்றும் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒரே வடிவமைப்பில் கட்டப்பட்ட 1யூ கோள்கள். பத்து சென்டிமீட்டர் கனசதுரம், ஒரு கிலோவை ஒட்டிய நிறை. 2019 ஜூன் 17 அன்று ஒன்றாக வெளியே விடப்பட்டு, 2021இல் விழுந்தன. ஒரே மாதிரி மூன்று கோள் ஒரே காற்றில் போனால் அவற்றின் விடைகளும் ஒத்துப்போக வேண்டும். எவ்வளவு ஒத்துப்போகவில்லையோ அவ்வளவுதான் உங்கள் முறையின் பிழை. வேறெந்தத் தேர்விலும் இந்தச் சோதனை இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

தவிர்க்க வேண்டியவை: ஸ்டார்லிங்க் போல உந்துகருவி உள்ளவை, பிளானட் நிறுவனத்தின் டவ் போல, வேண்டுமென்றே உடலைத் திருப்பி இழுவையைக் கூட்டிக் குறைத்து இடைவெளி சரிசெய்பவை, பெரிய மடிப்புப் பலகைகளை விரித்து நிற்பவை. 600 கி.மீ.க்கு மேலே இருப்பவையும் தொடக்கத்தில் வேண்டாம். அங்கே காற்று 400 கி.மீ.யில் இருப்பதைவிட இருபது மடங்குக்கு மேல் மெலிந்துவிடும். சூரிய ஒளியின் அழுத்தம் கணக்கில் மூக்கை நுழைக்கும்.

ஒரு பொறி. ஒரே ராக்கெட்டில் கூட்டமாகப் போன கோள்களில் முதல் சில வாரங்களுக்கு எது எது என்ற குழப்பம் இருக்கும். 2017 பிப்ரவரியில் பிஎஸ்எல்வி-சி37 ஒரே தடவையில் 104 கோள்களை விட்டதை நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட ஏவுதல்களில் தொடக்க வாரத் தரவுகளை எடுக்காமல் விடுவதே நல்லது.

2. கணக்குத் திறந்து தரவை இறக்குங்கள்

கோள்களின் பாதைத் தரவு, டிஎல்இ எனப்படும் இருவரித் தொகுப்பாகக் கிடைக்கும். இரண்டு இடங்கள் உண்டு. செலஸ்டிராக் தளத்தில் கணக்கு தேவையில்லை; இன்றைய தரவு உடனே கிடைக்கும். பழைய வரலாறு முழுக்க வேண்டுமென்றால் ஸ்பேஸ்-டிராக் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் இல்லை. பெயர், மின்னஞ்சல், நிறுவனம், எதற்காக என்ற விவரம் கேட்பார்கள். மற்ற வேலைகளைத் தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்; அனுமதி வரும் வரை 3ஆவது படியைச் செய்யலாம்.

பயனர் ஒப்பந்தத்தைப் படிக்காமல் டிக் அடிப்பது நம் பழக்கம். இங்கே படியுங்கள். அனுமதி பெறாமல் மூலத் தரவை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. நிரலைப் பொதுவெளியில் ஏற்றும்போது டிஎல்இ கோப்பையும் சேர்த்து ஏற்றிவிடாதீர்கள். கோளின் பட்டியல் எண்ணையும் தேதி வரம்பையும் மட்டும் கொடுங்கள், வேண்டியவர் அவரே இறக்கிக்கொள்வார்.

தானியங்கி நிரலால் கேட்பதற்கும் வரம்பு உண்டு. நிமிடத்துக்கு 30, மணிக்கு 300 கோரிக்கைகளுக்குள் இருக்க வேண்டும். வரலாற்றுத் தரவை ஒரு கோளுக்கு ஒரே தடவை இறக்கிச் சேமித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நிரலை ஓட்டும்போதெல்லாம் புதிதாக இறக்கும்படி எழுதினால் கணக்கை முடக்கிவிடுவார்கள். எழுதி முடித்து பிழை திருத்தும் நாளில் இது நடந்தால் வேலை அங்கேயே நிற்கும். முதல் இறக்கத்தைக் கோப்பாக வைத்து, பிறகு அதிலிருந்தே படியுங்கள்.

பழைய இருவரி வடிவத்தில் கோளின் பட்டியல் எண்ணுக்கு 5 இடம்தான் இருக்கிறது. புதிதாக எழுதுகிறீர்கள் என்றால் ஓஎம்எம் எனப்படும் புதிய வடிவத்தை ஜேசன் அல்லது சிஎஸ்வி கோப்பாக எடுங்கள். 6 இலக்க எண்கள் வரும்போது நிரலை மாற்றி எழுத வேண்டியிருக்காது.

3. இழுவைக் காரணி: நிறையும் பரப்பும்

மொத்த வேலையிலும் இதுதான் முள். சூத்திரம் எல்லாருக்கும் ஒன்றுதான். விடை வேறுபடுவது இங்கேதான்.

இழுவைக் காரணி = இழுவைக் குணகம் × குறுக்குப்பரப்பு ÷ நிறை. சில நூல்கள் இதையே தலைகீழாக, நிறையை மேலே வைத்து எழுதும். வேறொருவரின் எண்ணை எடுக்கும் முன் அலகைப் பாருங்கள்: ச.மீ./கி.கி. என்றால் நம்முடையது, கி.கி./ச.மீ. என்றால் தலைகீழ்.

நிறை: கட்டிய பல்கலைக்கழகத்தின் கட்டுரைகள், ஏவிய நிறுவனத்தின் அறிவிப்பு, அமெச்சூர் வானொலி ஒன்றியமான ஐஏஆர்யூவின் அலைவரிசைப் பட்டியல் ஆகிய மூன்றிலும் தேடுங்கள். "1யூ என்றால் 1.33 கிலோ" என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது பழைய விதிமுறையின் உச்சவரம்பு, உண்மை நிறை அல்ல. 1.1 கிலோ கோளுக்கு அந்த எண்ணைப் போட்டால் அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும்.

பரப்பு: கோள் கட்டுப்பாடின்றி எல்லாப் பக்கமும் உருள்கிறது என்றால் ஒரு வசதியான விதி இருக்கிறது. குழிவு இல்லாத எந்த உருவத்துக்கும் சராசரிக் குறுக்குப்பரப்பு, மொத்தப் புறப்பரப்பில் நான்கில் ஒன்று. 1யூ கோளுக்குப் புறப்பரப்பு 0.06 ச.மீ., ஆகவே சராசரி 0.015 ச.மீ. மூன்று 1யூ ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த 3யூ கோளுக்கு 0.14 ச.மீ., சராசரி 0.035. ஆன்டெனாக்கள் நீட்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் கூடும். காந்தக் கட்டையால் திசை பிடிக்கும் கோள்கள் எல்லாப் பக்கமும் சமமாக உருளாது. அவற்றுக்கு இந்த விதியை அப்படியே போட வேண்டாம். உருள்கிறதா இல்லையா என்று தெரிய, சாட்நாக்ஸ் எனப்படும் தன்னார்வத் தரைநிலைய வலையமைப்பின் தரவுத்தளத்தில் அந்தக் கோளின் டெலிமெட்ரி (கோள் தன் நிலை பற்றித் தரைக்கு அனுப்பும் தரவு) இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இலவசம்.

குணகம்: பெரும்பாலோர் 2.2 என்று வைப்பார்கள். நீங்களும் அதையே வையுங்கள், ஆனால் அறிக்கையில் எழுதிவிடுங்கள். உருவம், மேற்பரப்பு, உயரம், அங்குள்ள வாயு எது என்பதைப் பொறுத்து உண்மை மதிப்பு மாறும். கவலை வேண்டாம், அது முழு வரைபடத்தையும் ஒரே விகிதத்தில் மேலேயோ கீழேயோ நகர்த்தும். நாளுக்கு நாள் ஏற்ற இறக்கத்தைப் பெரிதாகத் தொடாது. தனி ஒரு நாளின் அடர்த்தியைவிட, மாதங்களாக அது எப்படி மாறியது என்பதே இந்த முறையில் கிடைக்கும் உறுதியான விடை. வழிகாட்டியிடம் தலைப்பை விளக்கும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டிஎல்இக்குள் பி-ஸ்டார் என்று ஒரு எண் இருக்கும். "இதுதானே இழுவை எண், எதற்கு இவ்வளவு பாடு?" என்று தோன்றும். தொடாதீர்கள். அது பாதையைப் பொருத்தும்போது எல்லாப் பிழைகளையும் உறிஞ்சிக்கொள்ளும் திருத்த எண். சூரிய ஒளி அழுத்தம், பாதையைக் கணிக்கும் கணித மாதிரியின் குறை எல்லாம் அதற்குள் கலந்திருக்கும்; சில நாட்களில் எதிர்மறையாகக்கூட வரும். காற்றே இல்லாததைவிடக் குறைவான காற்று என்று ஒரு வரைபடம் வரைந்து யாரிடம் காட்டுவது?

4. தரவைச் சலியுங்கள்

இறக்கிய கோப்பில் ஒரே தொகுப்பு இரண்டு முறை இருக்கும். வேறு கோளின் தரவு தவறாக இந்தப் பெயரில் வந்திருக்கும். திடீரென்று கோள் ஏறியதுபோல் காட்டும். உந்துகருவி இல்லாத கோள் ஏறாது. "ஒரு நாளில் எத்தனை சுற்று" என்ற எண்ணைத் தேதிக்கு எதிராக வரைந்து கண்ணால் பாருங்கள். கோள் இறங்க இறங்கச் சுற்று எண் கூடும் என்பதால், மெதுவாக ஏறும் கோடு தெரிய வேண்டும். அதிலிருந்து துள்ளி நிற்கும் புள்ளிகளை நீக்கிவிட்டு, எத்தனை நீக்கினீர்கள், எந்த விதிப்படி என்று குறித்து வையுங்கள். வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள்.

அடுத்தடுத்த இரண்டு தொகுப்புகளுக்கு இடையே சில மணி நேரமே இருந்தால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் இரைச்சல்தான். அமைதியான காலத்தில் 3 நாள் இடைவெளி வைத்துக் கழியுங்கள். காற்று அதிகமுள்ள 300 கி.மீ.க்குக் கீழே ஒரு நாளே போதும்.

இன்னொரு பொறி, நிலையையும் வேகத்தையும் கணக்கிட்டு அதிலிருந்து அரை நெட்டச்சை (நீள்வட்டப் பாதையின் நீளமான விட்டத்தில் பாதி) எடுப்பது. பூமி நடுவில் பருத்திருப்பதால் அந்த எண் ஒரே சுற்றுக்குள் பல கிலோமீட்டர் ஊசலாடும். நாம் தேடுவதோ நாளைக்குச் சில நூறு மீட்டர். டிஎல்இயில் உள்ள சராசரிச் சுற்று எண்ணையே பயன்படுத்துங்கள். ஊசல் அதில் ஏற்கனவே நீக்கப்பட்டிருக்கும்.

5. கணக்கு

வட்டத்துக்கு நெருக்கமான பாதைக்கு:

அடர்த்தி = நொடிக்கு அரை நெட்டச்சு குறையும் அளவு ÷ (இழுவைக் காரணி × வர்க்கமூலம்(புவியீர்ப்பு மாறிலி × அரை நெட்டச்சு))

மாறிலியின் மதிப்பு 3.986 × 10¹⁴ மீ³/நொடி². பூமியின் நிறையும் இதற்குள் அடக்கம்.

கையால் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. 1.1 கிலோ எடையுள்ள 1யூ கோள் 400 கி.மீ.யில் உருண்டுகொண்டு போகிறது. இழுவைக் காரணி = 2.2 × 0.015 ÷ 1.1 = 0.03. அரை நெட்டச்சு 6,778 கி.மீ. என்பதால் வர்க்கமூலம் 5.2 × 10¹⁰. இரண்டையும் பெருக்கினால் 1.56 × 10⁹.

நாளுக்கு 15.558 சுற்று என்று இருந்தது, 3 நாளில் 15.560 ஆகிறது. இந்த உயரத்தில் சுற்று எண் 0.001 கூடினால் அரை நெட்டச்சு 290 மீட்டர் குறைந்ததாக அர்த்தம். ஆகவே 3 நாளில் 580 மீட்டர், நொடிக்கு 2.24 × 10⁻³ மீட்டர். 1.56 × 10⁹ ஆல் வகுத்தால் அடர்த்தி 1.44 × 10⁻¹² கி.கி./மீ³.

இன்னும் முடியவில்லை. காற்றும் பூமியோடு சேர்ந்து சுழல்கிறது. விண்வெளி நிலையத்தின் பாதையைப் போல, நிலநடுக்கோட்டுக்கு 51.6 பாகை சாய்வில் கிழக்கு நோக்கிப் போகும் கோளுக்கு எதிர்காற்றின் வேகம் அதனால் 4 சதவீதம் குறையும். இழுவை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 8 சதவீத வித்தியாசம். மேலே வந்த விடையை 0.92 ஆல் வகுத்தால் 1.56 × 10⁻¹². துருவப் பாதைக் கோள்களுக்கு இந்தத் திருத்தம் மிகச் சிறியது. நிலையத்திலிருந்து விடப்பட்டவற்றுக்கு விட்டுவிடக்கூடாது.

நிரல் எழுதும் முன் இந்தக் கைக்கணக்கைத் தாளில் உங்கள் கோளுக்கும் போட்டுவிடுங்கள். 400 கி.மீ.யில் 10⁻¹³இன் மேற்பகுதி முதல் 10⁻¹¹ வரை எங்காவது விடை விழ வேண்டும். அதைவிட ஆயிரம் மடங்கு தள்ளி வந்தால் கிலோமீட்டரும் மீட்டரும் கலந்துவிட்டன என்று பொருள். வேறு காரணம் தேட வேண்டாம்.

6. சூரிய எண்களும் மாதிரியும்

கிடைத்த எண்ணை எதோடாவது ஒப்பிட்டால்தான் பொருள் வரும். பொதுவாகப் பயன்படுவது என்ஆர்எல்எம்சிஸ் என்ற வளிமண்டல மாதிரி. பைத்தானில் பைஎம்சிஸ் என்ற நிரல்தொகுப்பாக இலவசமாகக் கிடைக்கிறது. டிஎல்இயிலிருந்து நிலையைக் கணிக்கும் எஸ்ஜிபி4 தொகுப்பால் கோளின் நிலையைச் சில நிமிட இடைவெளியில் கணக்கிட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் மாதிரி சொல்லும் அடர்த்தியை எடுத்து, உங்கள் 3 நாள் இடைவெளி முழுவதற்கும் சராசரி போடுங்கள். ஒரே ஒரு புள்ளியில் மாதிரியைக் கேட்டுவிட்டு ஒப்பிடுவது வீண். இந்த உயரத்தில் பகல் பக்கமும் இரவு பக்கமும் இரண்டு மடங்குக்கு மேல்கூட வேறுபடும்.

உயரத்தை எப்படி எடுக்கிறீர்கள் என்று கவனியுங்கள். அரை நெட்டச்சிலிருந்து பூமியின் சராசரி ஆரம் 6,371ஐக் கழிப்பவர்களும் உண்டு, நிலநடுக்கோட்டு ஆரம் 6,378ஐக் கழிப்பவர்களும் உண்டு. அந்த 7 கி.மீ. வித்தியாசமே 400 கி.மீ.யில் அடர்த்தியை 13 சதவீதம் அளவுக்கு மாற்றிவிடும். நிலையிலிருந்து அட்சரேகை, தீர்க்கரேகை, நீள்கோளப் பரப்புக்கு மேலான உயரம் மூன்றையும் முறையாகக் கணக்கிட்டு மாதிரிக்குக் கொடுங்கள்.

மாதிரிக்கு இரண்டு வகை எண்கள் வேண்டும். ஒன்று எஃப்10.7: சூரியனிலிருந்து 10.7 செ.மீ. அலைநீளத்தில் வரும் வானொலிக் கதிர்வீச்சு. கனடாவின் பென்டிக்டனில் அளக்கிறார்கள். அமைதிக் காலத்தில் 70ஐ ஒட்டியும், உச்சத்தில் 200ஐத் தாண்டியும் இருக்கும். இதில் "கண்டபடி" என்றும் "தூரம் திருத்தியது" என்றும் இரண்டு நெடுவரிசை இருக்கும். மாதிரி கேட்பது கண்டபடி உள்ளதை. பூமி சூரியனுக்கு அருகே வரும் ஜனவரியிலும் விலகும் ஜூலையிலும் இந்த வேறுபாடு 3 சதவீதம் வரை போகும். அன்றைய மதிப்பைக் கொடுக்காமல் முந்தைய நாளின் மதிப்பைக் கொடுக்க வேண்டும். கூடவே அன்றைய நாளை நடுவில் வைத்த 81 நாள் சராசரி வேண்டும். புராஜெக்ட் கால அட்டவணை போடுபவர்கள் இங்கே நில்லுங்கள்: நடுவில் வைத்த சராசரி என்றால் வருகிற 40 நாட்களின் எண்ணும் தேவை. நேற்றைய தரவை வைத்து இன்று அறிக்கை முடிக்க முடியாது. குறைந்தது ஒன்றரை மாதம் பழைய காலத்தை எடுங்கள்.

மற்றது ஏபி, புவிக் காந்தக் கலக்க எண். ஜெர்மனியின் போட்ஸ்டாமில் உள்ள ஜிஎஃப்இசட் மையம் 1932 முதல் உள்ளதை ஒரே கோப்பாக வைத்திருக்கிறது. பைஎம்சிஸ் இரண்டு வகை எண்களையும் தானாகவே இறக்கிக்கொள்ளும். இருந்தாலும் ஓரிரு நாளுக்கு எண்களை எடுத்துக் கோப்போடு ஒப்பிடுங்கள்.

பழைய 2000ஆம் ஆண்டுப் பதிப்பை மூல நிரலாக ஓட்டுபவர்களுக்கு: அதில் விடை இயல்பாக கிராம்/கன செ.மீ. அலகில் வரும். மேலும் இழுவைக் கணக்குக்கென்றே தனித் துணைநிரல் உண்டு, 500 கி.மீ.க்கு மேலே வித்தியாசம் தெரியும் என்பதால் அதையே அழையுங்கள்.

கடைசியில், உங்கள் அடர்த்தியை மாதிரியின் அடர்த்தியால் வகுத்த விகிதத்தை வரையுங்கள். கோள் இறங்க இறங்க அடர்த்தி தானாகவே கூடுவதால், வெறும் அடர்த்தி வரைபடம் எப்போதும் மேலேறிக்கொண்டே போகும். அதில் சூரியனின் பங்கைத் தனியே பார்க்க முடியாது. விகிதத்தில் உயரத்தின் பங்கு பெரும்பாலும் கழிந்துவிடும். விகிதம் எப்போதும் 1.2 என்று நேர்கோடாக நின்றால் உங்கள் நிறை அல்லது பரப்பு தவறாக இருக்கலாம். மாதத்துக்கு மாதம் அலைந்தால் மாதிரி எதையோ தவறவிடுகிறது, அல்லது கோள் உருளும் விதம் மாறியிருக்கிறது. 2008–09இல் சூரியன் அசாதாரணமாகத் தணிந்திருந்தபோது உண்மைக் காற்று மாதிரிகள் சொன்னதைவிட மெலிந்திருந்தது இப்படித்தான் வெளியே தெரிந்தது.

7. சரிபார்ப்பு, பிறகு ஒரு புயல்

பேர்ட்ஸ்-3 கோள்கள் மூன்றின் விகிதத்தையும் ஒரே தாளில் வரையுங்கள். பிறகு வெளிச்சான்று: ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஸ்வார்ம், அமெரிக்க–ஜெர்மன் கூட்டுத் திட்டமான கிரேஸ்-எஃப்ஓ கோள்களிலிருந்து கணக்கிட்ட அடர்த்திகளை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தருகிறது. அவை வேறு உயரத்தில் பறப்பவை, ஆகவே அடர்த்தியோடு அடர்த்தியை வைக்காமல் விகிதத்தோடு விகிதத்தை வையுங்கள்.

இது சரியாக வந்தால் காந்தப் புயல் நாள் ஒன்றை, அதாவது சூரியக் கலக்கத்தால் புவிக் காந்தப்புலம் கொந்தளித்து மேல்காற்றின் அடர்த்தி கூடும் நாள் ஒன்றை எடுக்கலாம். 2024 மே 10–11 நல்ல தேர்வு. 2003க்குப் பிறகு வந்த முதல் உச்சநிலைக் காந்தப் புயல். அன்று பறந்துகொண்டிருந்த ஏதாவது ஒரு கியூப்சாட்டின் சுற்று எண் வரைபடத்தில் கோடு சட்டென்று செங்குத்தாவது வெறும் கண்ணுக்கே தெரியும். 3 நாள் இடைவெளி புயலை மழுங்கடித்துவிடும். ஒரு நாளாகக் குறையுங்கள், இரைச்சல் கூடுவதை ஏற்றுக்கொள்ளுங்கள். மாதிரிக்கும் நாள் சராசரி ஏபி போதாது, 3 மணி நேர மதிப்புகளை ஏற்கும் புயல் முறையை இயக்க வேண்டும். புயலின் அரை நாள் உச்சத்தை இந்த முறையால் பிடிக்க முடியாது என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

புயல் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2022 பிப்ரவரி 3 அன்று ஏவிய 49 ஸ்டார்லிங்க் கோள்களில் பெரும்பகுதி விழுந்தது சாதாரணப் புயலில்தான். அவை தொடக்கத்தில் 210 கி.மீ. அளவுக்குத் தாழ்வாக இருந்தன. இழுவை முந்தைய ஏவுதல்களைவிட 50 சதவீதம் வரை கூடியது. "இதனால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்கும் மதிப்பீட்டாளருக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

8. இல்லை, சொந்தமாகத்தான் அனுப்புவேன் என்பவர்களுக்கு

கருவி மட்டும் போதுமா, தனியாகப் பறக்கும் கோளே வேண்டுமா என்று முதலில் முடிவெடுங்கள். ஆவணச் சுமை இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

கருவி என்றால் இஸ்ரோவின் போயம் மேடையை நாடலாம். பிஎஸ்எல்வியின் நான்காம் அடுக்கையே வேலை முடிந்தபின் ஆய்வு மேடையாக வைத்துக்கொள்வது அது. 2024 டிசம்பரில் போன போயம்-4இல் 24 கருவிகள் இருந்தன. அவற்றில் 10 அரசுத்துறை சாராத நிறுவனங்களும் கல்வி நிலையங்களும் கொடுத்தவை. மின்சாரம், தகவல் தொடர்பு இரண்டையும் மேடையே தருவதால் அலைவரிசை உரிமத் தலைவலி பெரும்பாலும் போய்விடும். ஆனால் இழுவையை உணர்வது அந்தப் பெரிய அடுக்குதான், உங்கள் கருவியல்ல. வாயு அணுக்களை எண்ணும் உணரி போன்றவற்றுக்கே இது பொருந்தும்.

தனிக் கோள் என்றால் இந்தியாவில் குறைந்தது மூன்று கதவுகளைத் தட்ட வேண்டும். தனியார் விண்வெளிப் பணிகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான இன்-ஸ்பேஸின் அங்கீகாரம், விதிமுறைகள் 2024 மே மாதம் வெளியாயின, விண்ணப்பம் அவர்களின் இணையவழித் தளத்தில். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவிடம் அலைவரிசை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்துக்கான பதிவும் அரசு வழியாகவே போக வேண்டும். அமெச்சூர் அலைவரிசை என்றால் ஐஏஆர்யூவின் ஒருங்கிணைப்புக் கடிதமும், உரிமம் பெற்ற ஹாம் (அமெச்சூர் வானொலியாளர்) ஒருவர் பொறுப்பாளராகவும் வேண்டும். ஒன்றுக்கொன்று மற்றதன் நகலைக் கேட்கும் என்பதால் மூன்றையும் ஒரே சமயத்தில் தொடங்குங்கள். மின்பலகை வடிவமைப்பு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நிறைய அணிகளுக்குக் கோள் தயாராகிவிடும், அலைவரிசைக் கடிதம் வராது.

ஏவுதல் செலவு பற்றி ஒரு அளவுகோல்: ஸ்பேஸ்எக்ஸின் கூட்டுப் பயணத்தில் 50 கிலோவுக்கான இடம் 2024இல் சுமார் 3 லட்சம் டாலரில் தொடங்கியது. 1யூ அளவுக்கு இடைத்தரகு நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பயணங்கள் பெரும்பாலும் 500 கி.மீ.க்கு மேலே கொண்டுபோய் விடும். உங்கள் ஆய்வுக்கு வேண்டியது தாழ்வான பாதை. மலிவாக இருக்கிறதே என்று உயரமான பாதைக்கு ஒப்புக்கொண்டால் இழுவை தெரிய ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரும். விண்வெளி நிலையத்திலிருந்து விடும் வாய்ப்பே இதற்குப் பொருத்தம். ஆனால் மனிதர்கள் வாழும் இடம் என்பதால் பேட்டரி, கூர்முனை, வாயுக் கசிவு என்று பாதுகாப்பு ஆவணங்கள் கூடும்.

ஜிபிஎஸ் ஏற்றி அடர்த்தியை இன்னும் நுணுக்கமாக எடுக்கலாம் என்று நினைப்பீர்கள், சரியான எண்ணம்தான். ஆனால் கடையில் வாங்கும் ஜிபிஎஸ் சிப் நொடிக்கு 515 மீட்டர் வேகத்தைத் தாண்டினாலோ, 18 கி.மீ.க்கு மேலே போனாலோ இடம் சொல்ல மறுக்கும். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுக்காக வைத்த பூட்டு அது. பூட்டு நீக்கிய பதிப்பை எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். அதற்கான அனுமதிக் காகிதங்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.

ராக்கெட்டில் கோளைச் சுமந்து சென்று விடுவிக்கும் பெட்டிக்குள் அதைப் பூட்டும் முன், எல்லாம் பொருத்திய நிலையில் கிராம் கணக்கில் எடை, ஒவ்வொரு முகத்தின் அளவு, விரியும் ஆன்டெனாவின் நீளமும் அகலமும், ஆறு பக்கப் புகைப்படம் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டுத் தேதியுடன் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் கோப்பைப் பொதுவில் வையுங்கள். 3ஆவது படியில் இன்னொரு ஊர் மாணவர் தேடப்போவது அதைத்தான்.